டால்மேஷியக் கரையின் பழைய துறைமுக நகரங்களுக்குக் கோடையில் பாய்மரப் படகில் செல்வது எப்படி

குரோவேஷியாவின் தென்பகுதியான டால்மேஷியாவில், ஏட்ரியாட்டிக் கடலோரத்திலும் அதை அடுத்த தீவுகளிலும் அமைந்துள்ள ஸ்பிளிட், ட்ரோகிர், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக் ஆகிய நகரங்களைப் பார்க்க வருவோரில் பெரும்பாலோர் பேருந்திலும் பயணிகள் கப்பலிலும்தான் செல்கிறார்கள். ஒரு படகை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, இரவுக்கு ஒரு துறையாகத் தங்கிச் செல்வது செலவு மிகுந்த வழி. ஆயினும் அந்நகரங்கள் ஏன் அந்தந்த இடத்தில் எழுந்தன என்பதை விளங்கிக்கொள்ள அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை. 1420 முதல் 1797 வரை இக்கரையின் பெரும்பகுதியை ஆண்ட வெனிஸ் குடியரசின் துடுப்புக் கப்பல்கள், கிழக்கு நோக்கிச் செல்லும்போது இரவில் ஒதுங்குவதற்கும் நன்னீர் ஏற்றுவதற்கும் இந்தத் துறைகளையே நம்பியிருந்தன. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்கு உள்ள தொலைவு இன்றைய பாய்மரப் படகுக்கும் ஏறத்தாழ ஒரு பகற்பொழுதின் ஓட்டமாக இருப்பதால், வரைபடத்தை விரித்தவுடனேயே பயணம் எளிதாகத் தோன்றிவிடும்.

அந்தத் தோற்றத்தை நம்பி நகரங்களின் பட்டியல் ஒன்றை எழுதி, ஞாயிறு இங்கே, திங்கள் அங்கே என்று முன்கூட்டியே முடிவுசெய்வதுதான் புதிதாக வருவோர் செய்யும் பெரிய பிழை. ஒவ்வொரு துறையும் சில காற்றுகளுக்கு மூடியும் சில காற்றுகளுக்குத் திறந்தும் கிடக்கிறது. ஆகவே எந்த இரவை எந்த ஊரில் கழிப்பது என்பதைக் காற்றைப் பார்த்த பிறகே தீர்மானிக்க வேண்டும். பார்க்க விரும்பும் நகரமும் படகைக் கட்டிவிட்டு உறங்கும் இடமும் பல நேரங்களில் வெவ்வேறாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டால், இவ்வழிகாட்டியில் மீதமுள்ளவை யாவும் எளிதாகிவிடும்.

நான்கு காற்றுகள்

நம் கரையோர மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகளுக்குப் பெயரிட்டு அவற்றின் குணத்தை அறிந்து வைத்திருப்பதுபோல, டால்மேஷியரும் காற்றை அது வரும் திசையைக் கொண்டும் குணத்தைக் கொண்டும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். கோடைப் பயணிக்கு அவற்றில் நான்கு தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது மேஸ்ட்ரால். கோடையில் நிலம் சூடேறுவதால் வடமேற்கிலிருந்து வீசும் இக்கடற்காற்று, முற்பகல் 10 அல்லது 11 மணியளவில் மெல்லத் தொடங்கிப் பிற்பகலில் உச்சத்தை அடைந்து, கதிரவன் மறையும்போது அடங்கிவிடும். வானம் தெளிவாக இருக்கும். காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் பெரும்பாலும் 3 முதல் 5 வரை வீசும். பாய் விரித்துச் செல்வதற்கு இதைவிட இனிய காற்று கிடையாது. எனினும் இது எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதால், தென்கிழக்கே கோர்ச்சுலாவை நோக்கிச் செல்லும்போது நண்பனாக இருப்பது, திரும்பி வரும்போது முகத்திலடிக்கும். வாரத்தின் பிற்பாதியில் வடமேற்கே திரும்ப வேண்டியவர்கள், விடியற்காலையில் காற்று எழுவதற்கு முன்பே இயந்திரத்தை இயக்கிப் புறப்பட்டு, நண்பகலுக்குள் தொலைவின் பெரும்பகுதியைக் கடந்துவிடுவது இப்பகுதியில் வழக்கமான தந்திரம்.

இரண்டாவது யூகோ. தென்கிழக்கிலிருந்து வரும் இந்த ஈரக்காற்று ஓரிரு நாள்களில் படிப்படியாகவே வலுக்கும். காற்றழுத்தமானி இறங்குவதும், வானம் மங்குவதும், தென்கிழக்கிலிருந்து நீண்ட அலைகள் வந்து சேர்வதும் அதன் முன்னறிவிப்புகள். ஏட்ரியாட்டிக்கின் முழு நீளத்தையும் கடந்து வருவதால் அலை பெரிதாகும். எச்சரிக்கைக்குப் போதிய நேரமும் கிடைக்கும். மூன்றாவதான பூராவோ அந்த அவகாசத்தைத் தராது. வடகிழக்கு மலைத்தொடரின் மறுபக்கத்தில் தேங்கிய குளிர்ந்த கனமான காற்று, முகட்டைத் தாண்டிச் சரிவில் பாய்ந்து கடலில் விழுவதே பூரா. வானம் பளிச்சென்று இருக்கும்போதே, மலைமுகட்டில் வெண்மேகம் தொப்பிபோலப் படிந்திருப்பதைக் கண்டால் அன்றைய திட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். கோடையில் வரும் பூரா குளிர்காலத்தினதைவிடக் குறுகியது என்றாலும், அதன் திடீர் வீச்சுகள் சரியாக நங்கூரமிடாத படகை இழுத்துச் சென்றுவிடும்.

நான்காவது நெவெரா. வெப்பம் மிகுந்த நாளின் முடிவில் பெரும்பாலும் மேற்கிலிருந்து இடி மின்னலுடன் வரும் சூறைக்காற்று அது. நீண்ட நேரம் நிற்பதில்லை. மேற்கில் கரும்மேகச் சுவர் எழுவதைக் கண்டால் பாய்களை இறக்கி, உயிர்காப்பு அங்கிகளை அணிந்து, பாறைக் கரையிலிருந்து விலகித் திறந்த நீரில் நிற்பது, பதற்றத்துடன் நெரிசலான துறைக்குள் நுழைவதைவிடப் பாதுகாப்பானது.

குரோவேஷிய அரசின் வானிலை நிறுவனமான டிஹெச்எம்ஸெட் கடலோடிகளுக்கென்றே தனி முன்னறிவிப்பை ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. கரையோர வானொலி நிலையங்கள் அதைப் படகுகளில் பேசப் பயன்படும் விஎச்எஃப் வானொலி வழியாகவும் படிக்கின்றன. கைப்பேசிச் செயலிகள் காட்டும் வண்ண வரைபடங்கள் உதவும் என்றாலும், தீவுகளுக்கிடையே உள்ள கால்வாய்களில் காற்று குறுகி வேகமெடுப்பதை அவை பெரும்பாலும் குறைத்தே காட்டுவதால், அரசு அறிக்கையை நாள்தோறும் காலையிலும் மாலையிலும் கேட்பதை விடக்கூடாது.

எப்போது, எந்தப் படகு, என்ன ஆவணங்கள்

ஜூன் நடுப்பகுதியும் செப்டம்பர் முதற்பாதியுமே என் பரிந்துரை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேஸ்ட்ரால் மிக ஒழுங்காக வீசும். நீரும் 24 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இதமாக இருக்கும். அதற்கு ஈடாகக் கட்டணமும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் 15 அன்னை மரியாளின் விண்ணேற்பு விழா. அதையொட்டி இத்தாலியரின் விடுமுறையும் சேர்ந்துகொள்வதால் அந்த வாரத்தில் ஹ்வாரில் இடம் தேடுவது வீண் முயற்சி. டுப்ரோவ்னிக் கோடை விழா ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 25 வரை நடைபெறுகிறது என்பதால், கோட்டைக்குள் நாடகமும் இசையும் வேண்டுவோர் மட்டும் அந்தக் கூட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

வாடகைப் படகுகளில் பெரும்பாலானவை ட்ரோகிர், கஷ்டேலா, ஸ்பிளிட் ஆகிய மூன்று இடங்களிலிருந்து புறப்படுகின்றன. ஸ்பிளிட் விமான நிலையம் ட்ரோகிருக்கும் கஷ்டேலாவுக்கும் இடையில் இருப்பதால், இறங்கிய சிறிது நேரத்தில் படகுத்துறையை அடைந்துவிடலாம். சனிக்கிழமை மாலை 5 மணியளவில் படகைப் பெற்று, அடுத்த வெள்ளி மாலைக்குள் திரும்பி, சனிக்கிழமை காலையில் இறங்குவது என்பதே இங்கு எழுதப்படாத வாரக் கணக்கு. அதாவது ஏழு நாள் வாடகையில் கடலில் கிடைப்பது ஆறு பகல்கள். அவற்றிலும் கடைசிப் பகல் திரும்பும் வழியிலேயே கழியும்.

நான்கைந்து பேருக்கு 38 முதல் 42 அடி நீளமுள்ள ஒற்றை உடல் பாய்மரப் படகு போதுமானது. இரட்டை உடல் கொண்ட கேட்டமரன் அகலமாகவும் ஆடாமலும் இருக்கும். குழந்தைகளும் முதியோரும் உடன் வந்தால் அதுவே நல்லது. ஆனால் பழைய துறைகளின் நெருக்கடியில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கட்டணம் மிகுதி. படகோட்டிக் குழுவுடன் கூடிய பெரிய உல்லாசப் படகை எடுப்போர், வாடகைக்கு மேல் எரிபொருள், உணவு, துறைக் கட்டணம் ஆகியவற்றுக்காக வாடகையில் 25 முதல் 35 விழுக்காடு வரை முன்பணமாகச் செலுத்த வேண்டியிருக்கும் என்பதையும், மிஞ்சியது இறுதியில் கணக்குப் பார்த்துத் திருப்பித் தரப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாமே படகைச் செலுத்த விரும்புவோருக்குக் குரோவேஷியச் சட்டம் இரண்டு சான்றுகளைக் கேட்கிறது: அந்நாட்டுக் கடல்சார் அமைச்சகம் ஏற்றுக்கொண்ட படகு செலுத்தும் சான்றிதழ் ஒன்று, விஎச்எஃப் வானொலியைக் கையாளும் சான்றிதழ் மற்றொன்று. ஏற்கப்படும் சான்றிதழ்களின் பட்டியலை அமைச்சகமே வெளியிடுகிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் சான்றிதழின் பெயர் அதில் உள்ளதா என்று பார்த்துவிடுவது அவசியம். சான்றிதழ் இல்லாதோர் உள்ளூர் மாலுமி ஒருவரை நாள் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். அவருடைய கூலி நாளொன்றுக்கு 200 யூரோ அளவில் இருக்கும். உறங்க ஓர் இடமும் மூன்று வேளை உணவும் உங்கள் பொறுப்பு. சான்றிதழ் இருப்போருக்கும், பின்னோக்கிச் சென்று கரையில் கட்டும் மத்தியதரைக்கடல் முறையில் பழக்கம் இல்லையென்றால், முதல் இரண்டு நாள்களுக்காவது ஒரு மாலுமியை வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன். அந்தச் செலவு, சிறு மோதலொன்றில் பிடித்தம் செய்யப்படும் வைப்புத்தொகையைவிடக் குறைவாகவே இருக்கும்.

2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா, தமக்குள் எல்லைச் சோதனையின்றிச் சென்றுவர விடும் ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்திலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டுப்ரோவ்னிக் வரை சென்றவர்களுக்கு, எல்லைக்கு அப்பால் மான்டினீக்ரோவில் மலைகளுக்கிடையே அமைந்த கோட்டோர் நகரையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை எழும். அது ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடு. எல்லைத் துறையில் முறைப்படி வெளியேறிவிட்டுத்தான் செல்ல வேண்டும். ஒருமுறை நுழைவதற்கான விசா மட்டும் வைத்திருப்போர் படகோடு திரும்பி வர இயலாது.

படகைப் பெறும்போது அவசரப்படக்கூடாது. நங்கூரச் சங்கிலியை முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்த்து, அதன் நீளத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். உயிர்காப்பு அங்கிகளை ஒவ்வொருவரும் அணிந்து அளவு சரிசெய்ய வேண்டும். கழிப்பறையின் கழிவுத்தொட்டியை எப்படி மூடுவது, எரிவாயுவை எங்கே நிறுத்துவது, படகடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பு எங்கே இருக்கிறது என்பவற்றைப் பொறுப்பாளர் காட்டியபின் நீங்களே ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து வைப்பது பின்னால் தகராறைத் தவிர்க்கும்.

துறை துறையாக

ட்ரோகிரிலிருந்து தொடங்குவது எல்லா வகையிலும் வசதியானது. பெருநிலத்துக்கும் சியோவோ தீவுக்கும் நடுவே கிடக்கும் சிறு தீவில் அடங்கிய இந்நகரத்தை, விஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நிறுவினர். புனித லாரன்ஸ் பேராலயத்தின் வாயிலில் சிற்பி ரடோவன் 1240இல் செதுக்கிய உருவங்களை மாலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்து படகில் உறங்கலாம். எந்தக் காற்றும் உள்ளே வராது. ஒரே எச்சரிக்கை, நகரத்தை இருபுறமும் இணைக்கும் பாலங்கள் தாழ்வானவை; பாய்மரம் உள்ள படகு அவற்றின் கீழே செல்ல முடியாது என்பதால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோமோ அந்தப் பக்கமாகவே வெளியேற வேண்டும். ஸ்பிளிட்டை வாரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ நிலவழியில் பார்த்துவிடுவது மேல். ரோமப் பேரரசர் டயக்ளீஷியன் பதவி துறந்த பிறகு வாழ்வதற்காக கி.பி. 305 அளவில் எழுந்த அரண்மனைக்குள் ஒரு நகரமே இன்றும் குடியிருக்கிறது. அரை நாளாவது தேவைப்படும். ஆனால் ஓயாமல் பயணிகள் கப்பல்கள் வந்துபோகும் அந்தத் துறையில் படகைக் கட்டுவதில் இன்பம் ஒன்றுமில்லை.

ட்ரோகிரிலிருந்து ப்ராச் தீவின் மேற்குமுனையில் உள்ள மில்னா ஏறத்தாழ 14 கடல் மைல் (ஒரு கடல் மைல் என்பது 1.85 கி.மீ.). முதல்நாள் மாலை தாமதமாகப் படகு கிடைத்தவர்கள் மறுநாள் காலையில் புறப்பட்டு, அங்கே மதிய உணவுக்கு நின்றுவிட்டு, பிற்பகல் மேஸ்ட்ராலில் ஹ்வார் தீவின் வடபுறமுள்ள ஸ்டாரி கிராடுக்குச் செல்லலாம்.

பெயர் பெற்ற ஹ்வார் நகரத்தை விட்டுவிட்டு ஸ்டாரி கிராடில் ஓர் இரவைக் கூடுதலாகச் செலவிடுமாறு பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஏஜியன் கடலின் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 384இல் ஃபாரோஸ் என்ற பெயரில் இங்கே குடியேறினர். நீண்டு உள்வாங்கிய வளைகுடாவின் அடியில் ஊரும், ஊருக்குப் பின்னால் வளமான சமவெளியும் இருப்பதைக் கடலிலிருந்து பார்க்கும்போதே அவர்கள் இதைத் தேர்ந்த காரணம் புரிந்துவிடும். அன்று அவர்கள் சமவெளியைச் செவ்வக நிலங்களாக அளந்து பிரித்த எல்லைகள், சாந்தில்லாத கற்சுவர்களாக இன்றும் நிலைத்திருக்கின்றன. அவற்றுக்குள் திராட்சையும் ஒலிவமும் இன்றும் பயிராகின்றன. 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. துறையில் மிதிவண்டி வாடகைக்கு எடுத்துக் காலை வெயில் ஏறுவதற்கு முன் சமவெளியைச் சுற்றிவிட்டு, ஊருக்குள் 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பெட்டார் ஹெக்டோரோவிச் கட்டிய அரணான வீட்டையும், அதன் நடுவே கடல்நீர் புகுந்து வெளியேறும் மீன்குளத்தையும் பார்க்கலாம். வளைகுடா மேற்குப் பக்கம் திறந்திருப்பதால் பிற்பகலில் சிற்றலைகள் உள்ளே வரும், மாலையில் அடங்கிவிடும்.

ஹ்வார் நகரம் தீவின் தென்மேற்கில், தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. வெனிஸின் துடுப்புக் கப்பல்களைப் பழுதுபார்க்கக் கட்டிய ஆயுதசாலையும், அதன் மாடியில் 1612இல் திறக்கப்பட்ட நாடக அரங்கும், மலைமேல் கோட்டையும் காணத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் யூகோ வீசும்போது அலை நேரே துறைக்குள் நுழையும். அமைதியான நாள்களிலும் வந்துபோகும் கப்பல்களின் அலையில் படகு இரவெல்லாம் ஆடும். ஆகவே எதிரே உள்ள பக்லெனி தீவுகளில், ஸ்வெட்டி கிளெமென்ட் தீவின் வடபுறத்தில் இருக்கும் பல்மிஜானா மரீனாவில், அதாவது கட்டணப் படகுத்துறையில், படகைக் கட்டிவிட்டு, டாக்சிப் படகில் ஹ்வாருக்குச் சென்று திரும்புவது நல்லது. பல்மிஜானா தெற்குக் காற்றுகளிலிருந்து காக்கப்பட்டது. வடக்கிலிருந்து பூரா வரும் என்று தெரிந்தாலோ அது ஏற்ற இடமல்ல, அப்போது ஸ்டாரி கிராடிலேயே இருந்துவிட்டு ஹ்வாருக்குப் பேருந்தில் போய்வரலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே தரைவழித் தொலைவு குறைவு.

ஹ்வாரிலிருந்து விஸ் நகரம் சுமார் 13 கடல் மைல். யூகோஸ்லாவியப் படையின் தளமாக இருந்த இத்தீவுக்குள் 1989 வரை வெளிநாட்டவர் அனுமதிக்கப்படவில்லை. பெரிய விடுதிகள் இங்கே பெருகாமல் போனதற்கு அதுவே காரணம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகர ஆட்சியாளர் டயனீசியஸ் நிறுவிய இஸ்ஸா என்னும் கிரேக்க நகரம் இங்குதான் இருந்தது. 1811இல் பிரிட்டிஷ் கடற்படையும் பிரெஞ்சு, வெனிஸ் கப்பல்களும் இத்தீவின் அருகே மோதின. 1866இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் மோதின. நெப்போலியப் போர்களின்போது இங்கே தங்கிய பிரிட்டிஷார் கோட்டைகளோடு கிரிக்கெட்டையும் விட்டுச் சென்றனர் என்பது நம்மவர் ரசிக்கும் செய்தி. இன்றும் தீவில் ஒரு கிரிக்கெட் சங்கம் இயங்குகிறது. விஸ் நகரத் துறை வடகிழக்கு நோக்கித் திறந்திருப்பதால் யூகோவில் அடைக்கலம் தரும், பூராவில் தராது. மறுகரையில் உள்ள மீனவர் ஊரான கோமிஜாவோ மேற்கு நோக்கித் திறந்திருக்கிறது. மேற்கு, தென்மேற்குக் காற்றுகள் வரும் நாளில் அங்கே இரவு தங்கக்கூடாது. ஒரே தீவில் எதிரெதிர்க் காற்றுகளுக்கு இரண்டு துறைகள் கிடைப்பதால், வானிலை ஐயமாக இருக்கும் வாரத்தில் விஸ் நல்ல தளமாகும்.

விஸிலிருந்து கோர்ச்சுலா நகரம் 40 கடல் மைலுக்கு மேல். ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் ஏழு மணி நேரம் பிடிக்கும் இந்த ஓட்டம் வாரத்தின் மிக நீண்டது. மேஸ்ட்ரால் முதுகில் இருக்கும்போது மிக இனியதும் அதுவே. பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்துக்கும் கோர்ச்சுலாவுக்கும் இடைப்பட்ட குறுகிய கால்வாயில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும் என்பதால், உள்ளே நுழையும் முன்பே பாயைச் சுருக்கிக்கொள்வது முன்யோசனை. நகரம் கால்வாய்க்குள் நீட்டிய சிறு முனையில், மதில் சூழ நிற்கிறது. நடுத்தெருவிலிருந்து மீன்முள்போல இருபுறமும் கிளைக்கும் சந்துகளைக் கவனிக்க வேண்டும்: மேற்குப் பக்கச் சந்துகள் நேராக இருப்பதால் கோடையின் மேஸ்ட்ரால் உள்ளே புகுந்து வீடுகளைக் குளிர்விக்கிறது, கிழக்குப் பக்கச் சந்துகள் வளைந்திருப்பதால் குளிர்காலப் பூரா தடைபடுகிறது. காற்றை இவ்வளவு கருத்தாகக் கணக்கிட்ட நகரமைப்பை இக்கரையில் வேறெங்கும் நான் அறியேன். அதே கணக்கு படகுக்கும் பொருந்தும். மேற்குக் கட்டுத்துறையில் மேஸ்ட்ராலின் அலை மோதும். கிழக்குப் பக்கத்தில், அலைதாங்கிக்குப் பின்னால் உள்ள மரீனாவில் கட்ட வேண்டும். 1298இல் ஜெனோவாவின் கடற்படை வெனிஸை வென்றது இந்நகருக்கு அருகிலுள்ள நீரில்தான். மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது, அதன் கோபுரத்திலிருந்து தெரியும் காட்சிக்காக ஏறிப் பார்க்கலாம். மொரேஷ்கா என்னும் வாள் நடனம் கோடை மாலைகளில் நடைபெறும்.

ஒரு வார வாடகையில் ட்ரோகிரிலிருந்து டுப்ரோவ்னிக் சென்று திரும்புவது அறிவுடைமை அல்ல. கோர்ச்சுலாவிலிருந்தே அது மேலும் 50 கடல் மைல் அளவில் இருக்கிறது. திரும்பும் வழி முழுவதும் மேஸ்ட்ராலுக்கு எதிராகச் செல்ல வேண்டும். இரண்டு வாரம் உள்ளவர்களும், ஒருவழி வாடகைக்குக் கூடுதல் கட்டணம் தருவோரும் செல்லலாம். அவர்களும் 1,940 மீட்டர் நீளமுள்ள மதிலின் அடியில் உள்ள பழைய துறையில் இரவு தங்க முடியாது. ஆற்றின் கழிமுகத்தில், கோமோலாட்ஸ் என்ற இடத்தில் உள்ள மரீனாவில் கட்டிவிட்டுப் பேருந்தில் வர வேண்டும். கொள்ளைநோய்ப் பகுதியிலிருந்து வருவோரை 30 நாள் ஒதுக்கிவைக்க 1377இலேயே சட்டம் இயற்றிய நகரம் அது. சுற்றுலாக் கப்பல்களின் கூட்டம் இறங்குவதற்கு முன், காலையில் கதவு திறந்தவுடன் மதில்மேல் நடந்துவிட வேண்டும்.

வாரத்தின் தொடக்கத்திலேயே வலுத்த யூகோ வரப்போகிறது என்று அறிக்கை சொன்னால், தெற்கு நகரங்களை மறந்துவிட்டு வடமேற்கே ஷிபெனிக்குக்குச் செல்லலாம். ட்ரோகிரிலிருந்து ஏறத்தாழ 30 கடல் மைல். வழியில் ரோகோஸ்னிட்சாவை அடுத்துள்ள ப்ளோச்சா முனையில் தெற்குக் காற்றின்போது கடல் குழம்பிக் கிடக்கும்; யூகோ வலுக்கும் முன்பே அதைக் கடந்துவிட வேண்டும். அதன்பின் புனித நிக்கோலஸ் கோட்டையின் காவலில் உள்ள குறுகிய வாய்க்கால் வழியே உள்ளே நுழைந்தால், வெளியே என்ன வீசினாலும் நீர் அமைதியாக இருக்கும். 1431இல் தொடங்கி நூறாண்டுக்கு மேல் முழுக்கக் கல்லாலேயே கட்டப்பட்ட புனித யாக்கோபு பேராலயம் அந்த நகரத்தின் பெருமை. அங்கிருந்து கிர்கா ஆற்றில் மேலேறி ஸ்க்ராடின் வரை உங்கள் படகிலேயே செல்லலாம். அந்த ஆற்றின் அருவிக்குச் செல்ல அதற்கப்பால் தேசியப் பூங்காவின் படகில்தான் ஏற வேண்டும்.

கட்டுவதும் நங்கூரமிடுவதும்

கோடையில் எந்தத் துறையானாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குள் சென்று சேர்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நல்ல இடம் இருக்காது. மரீனாக்களில் முன்பதிவு செய்ய முடியும். உள்ளே நுழையுமுன் விஎச்எஃப் 17ஆம் அலைவரிசையில் மரீனாவை அழைத்து, படகின் பெயரையும் நீளத்தையும் சொல்லி இடம் கேட்க வேண்டும். அவசர அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை. கைப்பேசியில் கடல் மீட்புக்கு 195.

இங்கே படகை அமரம் எனப்படும் பின்முனை கரையைத் தொடும்படி பின்னோக்கிச் செலுத்திக் கட்டுவார்கள். இருபக்கமும் மோதலைத் தாங்கும் ஃபெண்டர் மெத்தைகளைத் தொங்கவிட்டு, பின்முனையின் இரு மூலைகளிலும் கயிறுகளைச் சுருட்டித் தயாராக வைத்த பிறகே திரும்பத் தொடங்க வேண்டும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கக் கயிற்றை முதலில் கரையிலுள்ள ஊழியரிடம் எறிய வேண்டும். அவர் கடலடியில் பதித்த கனக்கல்லோடு இணைந்த மெல்லிய கயிற்றின் முனையை நீட்டுவார். அதைக் கொக்கித்தடியால் பிடித்து, பக்கவாட்டில் நடந்தபடியே அணியம் எனப்படும் முன்முனைக்குக் கொண்டுசென்று, இறுக இழுத்துக் கட்ட வேண்டும். அந்தக் கயிறு நீரில் தளர்ந்து கிடக்கும்வரை, படகை உந்தும் விசிறியான சுழலிக்கு அருகே அது வரக்கூடும் என்பதால், இயந்திரத்தை நடுநிலையில் வைக்காமல் எதுவும் செய்யக்கூடாது. யாரும் காலையோ கையையோ கொடுத்துப் படகைத் தடுக்க முயலக்கூடாது. பல டன் எடையை ஃபெண்டர் தாங்கும், எலும்பு தாங்காது. பணிகளை முன்பே பிரித்துக்கொடுத்து, கட்டும்போது ஒருவர் மட்டுமே பேசுவது என்று முடிவுசெய்துவிட்டால் கரையில் நிற்போருக்கு வேடிக்கை காட்டாமல் தப்பலாம்.

நங்கூரமிடும்போது நீரின் ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு சங்கிலியை இறக்கி, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி, அது பிடித்ததா என்று கரையில் இரு அடையாளங்களை வைத்துப் பார்க்க வேண்டும். கரும்பச்சையாகத் தெரியும் இடம் பொசிடோனியா கடற்புல். அதில் நங்கூரம் பிடிக்காது, புல்லும் அழியும். வெளிர்நிறமாகத் தெரியும் மணலைத் தேடி இறக்க வேண்டும். சில விரிகுடாக்களில் கொனோபா எனப்படும் சிறு உணவகங்கள் தங்கள் மிதவைகளை, அங்கே இரவு உணவு உண்போருக்குக் கட்டணமின்றித் தருகின்றன. மீன் உண்ணாதோருக்கு ப்லித்வா என்னும் கீரையும் உருளைக்கிழங்கும் சேர்த்த ஒலிவ எண்ணெய்க் குழைவு ஏறத்தாழ எல்லா இடங்களிலும் கிடைக்கும். காரம் வேண்டுவோர் மிளகாய்த்தூளை ஊரிலிருந்தே கொண்டுவர வேண்டும்.

வெள்ளிக்கிழமை திரும்பும்போது எரிபொருள் நிலையத்தில் நீண்ட வரிசை இருக்கும். பிற்பகல் 2 மணிக்கு முன்பே சென்றுவிட்டால் மாலை வீணாகாது. தொட்டியை நிரப்பிய இரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். மரீனாவில் கட்டியபின் முக்குளிப்பவர் ஒருவர் படகின் அடிப்பகுதியையும் சுழலியையும் பார்ப்பார். உள்ளே பொறுப்பாளர் பொருள்களைச் சரிபார்ப்பார். எங்காவது தட்டியிருந்தாலோ ஏதேனும் நீரில் விழுந்திருந்தாலோ அவர் கண்டுபிடிக்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பல படகுகளில் 2,000 யூரோவுக்கு மேற்பட்ட வைப்புத்தொகை பெறுவதால், அது முழுவதும் திரும்பக் கிடைத்ததற்கான எழுத்துச் சான்றைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பைகளை இறக்க வேண்டும்.